கிரெக் வில்சன்: நிரலாளர் ஆசிரியரான வரலாறு

கிரெக் வில்சன் கனடாவைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர், நூலாசிரியர், கணினிக் கல்வியாளர். அறிவியல் ஆய்வாளர்களுக்கு நிரலாக்கத்தின் அடிப்படைகளைக் கற்பிக்கும் 'சாப்ட்வேர் கார்ப்பென்ட்ரி' என்ற தன்னார்வ இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவராக இவர் அறியப்படுகிறார். 1998 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வகத்தில் நடந்த ஒரு வார வகுப்பாகத் தொடங்கிய இம்முயற்சி பலமுறை தோற்றது, மாற்றி எழுதப்பட்டது. கடைசியில் உலகின் பல நாடுகளில் தன்னார்வலர்கள் நடத்தும் இயக்கமாக வளர்ந்தது. இவ்வளர்ச்சிக்குக் காரணமாக அமைந்தவை இரண்டு. ஒன்று, பாடங்களைத் திறமூல மென்பொருள் போலவே எவரும் எடுத்துத் திருத்தும்படி திறந்துவிட்டது. மற்றொன்று, கற்பித்தலும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு தொழில் என்பதை ஏற்றுக்கொண்டது. இக்கட்டுரை அந்த வரலாற்றைக் கூறுகிறது.

தொடக்கக் காலம்

வில்சன் 1963 ஆம் ஆண்டு பிறந்தவர். கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் தீவு இவரது ஊர். குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்ற பின் ஸ்காட்லாந்துக்குச் சென்று எடின்பரோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வரை படித்தார். அக்காலத்தில் எடின்பரோ, இணைக்கணிமைத் துறையில் பெயர்பெற்ற இடமாக இருந்தது. ஒரே கணக்கைப் பல செயலிகளுக்குப் பிரித்துக் கொடுத்து விரைவாக முடிப்பதே இணைக்கணிமை. வானிலைக் கணிப்பு, மூலக்கூறுகளின் அசைவு, திரவங்களின் ஓட்டம் போன்ற பெரிய கணக்குகளுக்கு இது தேவைப்பட்டது. இத்துறையைப் பற்றி வில்சன் எழுதிய பாடநூல் 1995 ஆம் ஆண்டில் எம்.ஐ.டி. பதிப்பகம் வழியாக வெளிவந்தது.

இணைக்கணிமையில் பணியாற்றிய நிரலாளர்களிடம் இயற்பியலாளர்களும் வேதியியலாளர்களும் தங்கள் நிரல்களைக் கொண்டுவருவது வழக்கம். "இதைப் பெரிய கணினியில் வேகமாக ஓடும்படி செய்ய வேண்டும்" என்பதே அவர்களது கோரிக்கையாக இருக்கும். நிரலைப் பிரித்துப் பார்த்தால் சிக்கல் வேறு இடத்தில் இருப்பது தெரியும். ஆயிரக்கணக்கான வரிகள் ஒரே தொடராக எழுதப்பட்டிருக்கும். அதைத் தனித்தனிச் செயற்பாகங்களாகப் பிரித்திருக்க மாட்டார்கள். விடை சரியா என்று பார்க்கச் சோதனைகள் இருக்காது. நேற்றைய நிரலுக்கும் இன்றைய நிரலுக்கும் என்ன வேறுபாடு என்று சொல்லவும் வழியிருக்காது. நடக்கக் கற்பதற்கு முன்பே அவர்கள் ஓட விரும்பினார்கள் என்பது வில்சனின் கருத்து. 1990களின் நடுப்பகுதியில், கணினி அறிவியலாளர்கள் மற்ற அறிவியலாளர்களுக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்ற கேள்வியை முன்வைத்து ஓர் ஆய்விதழில் கட்டுரைத் தொடர் ஒன்றை அவர் ஒருங்கிணைத்தார்.

சிக்கல் எவ்வளவு பெரியது?

அறிவியலாளர்களின் நிரல் ஒழுங்கற்று இருந்தால் என்ன என்று கேட்கலாம். 2006 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான ஒரு செய்தி இதற்கு விடை தரும். உயிரணுச் சவ்விலுள்ள புரதங்களின் வடிவத்தை ஆராய்ந்த ஒரு அமெரிக்க ஆய்வுக்குழு, தான் வெளியிட்ட ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. குழு பயன்படுத்திய ஒரு சிறு நிரல் இரண்டு தரவு நெடுவரிசைகளை இடம் மாற்றிவிட்டிருந்தது. அதனால் புரதத்தின் வடிவம், கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல வலம் இடமாகத் தலைகீழானது. முதல் கட்டுரை வெளிவந்தது 2001 ஆம் ஆண்டில். பிழை தெரியவர ஐந்து ஆண்டுகள் ஆயின. அதற்குள் மற்ற குழுக்கள் அந்த முடிவுகளை மேற்கோள் காட்டியிருந்தன. அவற்றோடு ஒத்துப்போகாத தங்கள் முடிவுகளை வெளியிட முடியாமல் சிலர் திணறியிருந்தார்கள்.

இதில் எவரும் ஏமாற்றவில்லை. நிரலைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான். அறிவியலாளர்கள் பொதுவாகத் தங்கள் நேரத்தில் 30 விழுக்காடோ அதற்கு மேலோ மென்பொருள் எழுதுவதில் செலவிடுகிறார்கள் என்றும், அவர்களில் 90 விழுக்காட்டினருக்கு மேல் தாமாகவே கற்றவர்கள் என்றும் பிற்கால ஆய்வுகள் காட்டின. வில்சனும் பங்கேற்ற பெரிய கருத்தாய்வு ஒன்று 2009 ஆம் ஆண்டில் வெளியானது. அதற்கு ஏறக்குறைய 2000 அறிவியலாளர்கள் விடையளித்தார்கள். ஆய்வகத்தில் நுண்ணோக்கியைக் கையாளப் பயிற்சி தருகிறார்கள், ஆனால் அதே அளவு பயன்படும் கணினியைக் கையாளப் பயிற்சி இல்லை என்ற நிலையை இந்த எண்கள் வெளிச்சமிட்டுக் காட்டின.

லாஸ் அலமோஸ் வகுப்பு

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகம், தன் ஊழியர்களுக்கு இப்பொருளில் வகுப்பெடுக்க வில்சனையும் பிரென்ட் கோர்டாவையும் அழைத்தது. முதல் வகுப்பு 1998 ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அது பலமுறை மீண்டும் நடத்தப்பட்டது.

இம்முயற்சிக்கு இடப்பட்ட பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லும். 'கார்ப்பென்ட்ரி' என்றால் தச்சுவேலை. பெரிய பாலம் கட்டுவதற்குப் பொறியியல் வேண்டும். வீட்டில் ஒரு அலமாரி பொருத்தத் தச்சுவேலை தெரிந்தால் போதும். அறிவியலாளர்களில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது இரண்டாவது வகைத் திறனே என்பது அப்பெயரின் பொருள்.

ஆனால் முதல் வகுப்புகள் அந்தப் பெயருக்கு முழுதும் பொருந்தவில்லை. மென்பொருள் பொறியியல் பாடநூல்களில் உள்ளதையே வில்சனும் கோர்டாவும் பெரும்பாலும் கற்பித்தார்கள். தேவைகளை முதலில் முழுமையாக எழுத வேண்டும், வடிவமைப்பை முன்கூட்டியே முடிக்க வேண்டும் என்பன அவற்றின் அறிவுரைகள். ஆய்வாளருக்கோ தாம் எதைத் தேடுகிறோம் என்பதே தேடும்போதுதான் தெரியவரும். எனவே இந்த அறிவுரைகள் அவர்களுக்குப் பயன்படவில்லை. மேலும், ஐந்து நாள் வகுப்பில் கடைசி இரண்டு நாட்கள் மாணவர்களின் தலையில் ஒன்றும் ஏறவில்லை. பயணம் செய்து வரும் ஆசிரியருக்கு ஒரு வார வகுப்பு வசதியானது. கற்பவருக்கு அது வசதியாக இல்லை.

பிற்காலத்தில் தம் அனுபவத்தைத் தொகுத்து எழுதிய கட்டுரையில் வில்சன் இந்த முதல் பதிப்புக்குச் சிவப்பு விளக்கு என்று பெயரிட்டார். அடுத்து வந்த பதிப்புகளுக்கும் அதே சிவப்புதான். தோல்விகளை ஒளிக்காமல் எழுதி வைக்கும் இந்தப் பழக்கம் அவ்வியக்கத்தின் வரலாறு முழுவதும் காணப்படுகிறது.

ஒரு போட்டியும் இரு கருவிகளும்

வகுப்புகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இன்னொரு முயற்சியும் நடந்தது. அன்று நிரலாளர்கள் பயன்படுத்திய துணைக் கருவிகள் பலவும் 1970களின் யூனிக்ஸ் உலகில் பிறந்தவை. புதியவர்களுக்கு அவை மிகக் கடினமாக இருந்தன. எடுத்துக்காட்டாக, 'மேக்' என்ற கருவிக்கான கோப்பில் தாவல் இடைவெளிக்குப் பதிலாகச் சாதாரண இடைவெளி விட்டால் வேலை நின்றுவிடும். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும்.

2000 ஆம் ஆண்டில் சாப்ட்வேர் கார்ப்பென்ட்ரி பெயரில் ஒரு வடிவமைப்புப் போட்டி அறிவிக்கப்பட்டது. லாஸ் அலமோஸ் ஆய்வகம் பணம் கொடுத்தது. நிரலைக் கட்டமைத்தல், கணினிக்கேற்ப அமைத்தல், வழுக்களைப் பதிவு செய்து பின்தொடர்தல், சோதித்தல் ஆகிய நான்கு வேலைகளுக்கும் புதிய கருவிகளை வடிவமைக்க வேண்டும். கருவிகள் பைத்தான் மொழியில் அமைய வேண்டும், திறமூலமாக இருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள்.

போட்டி எதிர்பார்த்த அளவு எல்லாவற்றையும் உருவாக்கவில்லை. இருந்தாலும் இரண்டு வடிவமைப்புகள் நிலைத்தன. கட்டமைத்தல் பிரிவில் ஸ்டீவன் நைட் அளித்த வடிவமைப்பு 'எஸ்கான்ஸ்' என்ற கருவியாக வளர்ந்தது. வழுத்தடப் பிரிவில் கா-பிங் யீ அளித்த வடிவமைப்பிலிருந்து 'ரவுண்டப்' என்ற கருவி உருவானது. பைத்தான் மொழியின் வழுக்களைப் பதிவு செய்யும் தளமே 2007 முதல் 2022 வரை ரவுண்டப் கருவியில்தான் இயங்கியது. கற்பிப்பதற்காகத் தொடங்கிய முயற்சி, வேலை செய்யும் நிரலாளர்களுக்கும் கருவி தந்தது என்பது இதன் சிறப்பு.

பாடங்களைத் திறந்துவிடுதல்

லாஸ் அலமோஸ் வகுப்புகள் முடிந்த பின் பாடக்குறிப்புகள் அப்படியே கிடந்தன. 2000களின் நடுப்பகுதியில் பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை அளித்த நிதியுதவியைக் கொண்டு வில்சன் அவற்றைத் திருத்தி எழுதினார். திருத்திய பாடங்களைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டார். எவரும் அவற்றைப் படிக்கலாம், நகலெடுக்கலாம், மாற்றலாம், தம் வகுப்பில் பயன்படுத்தலாம்.

ஒரு மாணவர் கேட்கக்கூடும்: இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதற்கும் திறந்த உரிமத்தில் கிடைப்பதற்கும் என்ன வேறுபாடு? இலவசமாகக் கிடைக்கும் பாடத்தைப் படிக்க மட்டுமே உரிமை உண்டு. அதில் ஒரு பிழை இருந்தால் ஆசிரியர் திருத்தும்வரை காத்திருக்க வேண்டும். திறந்த உரிமப் பாடத்தைப் படிப்பவரே திருத்தி வெளியிடலாம். தம் மொழிக்கு மாற்றலாம். இயற்பியல் எடுத்துக்காட்டை நீக்கிவிட்டு உயிரியல் எடுத்துக்காட்டைச் சேர்க்கலாம். மூல ஆசிரியரின் பெயரைக் குறிப்பிட்டால் போதும்.

உரிமம் கொடுத்துவிட்டால் மட்டும் பங்களிப்பு வந்துவிடாது என்பதையும் வில்சன் கண்டார். பலர் படித்தார்கள். சிலர் தம் வகுப்புகளில் பயன்படுத்தினார்கள். திருத்தங்கள் மட்டும் மிகக் குறைவாகவே திரும்பி வந்தன. மென்பொருள் உலகில் ஒருவர் செய்த திருத்தத்தை மற்றவர் பார்த்து ஏற்கும் முறை நன்கு வளர்ந்திருந்தது. பாடங்களுக்கு அப்படி ஒரு முறையும் பழக்கமும் இன்னும் உருவாகவில்லை. கதவு திறந்திருந்தது, ஆனால் உள்ளே வரும் பாதை சரியாகப் போடப்படவில்லை.

டொராண்டோ ஆண்டுகள்

இதே காலத்தில் வில்சன் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் கற்பித்தார். அதுவரை தொழில்துறையிலும் நூல் எழுத்திலும் இருந்தவருக்கு அது நாள்தோறும் மாணவர்களைப் பார்க்கும் வாய்ப்பு. அங்கு அவர் கண்ட குறை ஒன்று உண்டு. மாணவர்கள் தேர்வுக்காக எழுதும் நிரல்கள் சில நூறு வரிகளே. அவை மதிப்பெண் பெற்றதும் குப்பைக்குப் போகும். பிறர் எழுதிய பெரிய நிரலைப் படிப்பதும், அதில் ஓரிடத்தை மட்டும் உடையாமல் மாற்றுவதும் அவர்களுக்குப் பழக்கமில்லை. வேலைக்குப் போனால் முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டியது அதுதான்.

திறமூலத் திட்டங்கள் இதற்கு வழி தந்தன. கனடாவின் பல பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இறுதியாண்டு மாணவர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து உண்மையான திறமூலத் திட்டங்களில் பணியாற்றும் ஏற்பாடு ஒன்றை 2000களின் இறுதியில் மற்ற பேராசிரியர்களோடு சேர்ந்து அவர் தொடங்கினார். அணியினர் வெவ்வேறு நகரங்களில் இருப்பார்கள். பருவத்தின் தொடக்கத்தில் ஓரிடத்தில் கூடிப் பழகிக்கொண்டு, பின் தொலைவிலிருந்தே வேலை செய்வார்கள். அதற்காகத் தம் பல்கலைக்கழகத்தில் பாட மதிப்பெண் பெறுவார்கள்.

நூல்களிலும் இதே எண்ணம் தொடர்ந்தது. ஆன்டி ஓரமுடன் சேர்ந்து அவர் தொகுத்த 'பியூட்டிபுல் கோட்' 2007 ஆம் ஆண்டில் வந்தது. தாம் அழகென்று கருதும் நிரலைப் பற்றி அனுபவமிக்க நிரலாளர்கள் அதில் எழுதினார்கள். ஏமி பிரவுனுடன் சேர்ந்து தொகுத்த 'திறமூலச் செயலிகளின் கட்டமைப்பு' என்ற நூலின் முதல் தொகுதி 2011 ஆம் ஆண்டில் வந்தது. கட்டடக்கலை மாணவர் நூற்றுக்கணக்கான கட்டடங்களைப் பார்த்துப் பயில்கிறார். நிரலாக்கம் படிப்பவரோ தாமே எழுதிய சிலவற்றைத் தவிர வேறு நிரல்களைப் பார்ப்பதில்லை. அக்குறையைத் தீர்க்க, திறமூலத் திட்டங்களை உருவாக்கியவர்களே அவற்றின் அமைப்பை விளக்கும்படி அந்நூல் அமைந்தது. நூல் முழுவதும் திறந்த உரிமத்தில் படிக்கக் கிடைக்கிறது. விற்பனைத் தொகையில் ஆசிரியர் பங்கு ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்புக்கு அளிக்கப்பட்டது.

காணொளிகள் தந்த பாடம்

2010 ஆம் ஆண்டில் வில்சன் பல்கலைக்கழகப் பணியை விட்டுவிட்டு முழுநேரமாகச் சாப்ட்வேர் கார்ப்பென்ட்ரிக்குத் திரும்பினார். இணையவழிக் கல்வி பரவிக்கொண்டிருந்த நேரம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட குறுங்காணொளிகளை அவர் பதிவு செய்தார்.

இவையும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பார்ப்பவர்கள் தொடக்கத்தில் ஆர்வமாக வந்து நடுவில் விலகினார்கள். இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருந்தது. எழுத்துப் பாடத்தில் ஒரு வரி தவறென்றால் அந்த வரியை மட்டும் மாற்றலாம். காணொளியில் ஒரு வாக்கியம் தவறென்றால் மீண்டும் பதிவு செய்து வெட்டி ஒட்ட வேண்டும். குரல் வேறொருவருடையது என்றால் அதுவும் இயலாது. அதனால் காணொளிப் பாடத்தில் மற்றவர்கள் பங்களிக்க வழியில்லாமல் போனது. எளிதில் திருத்த முடியாத ஒன்றுக்கு எவ்வளவு தாராளமான உரிமம் கொடுத்தாலும் அது நடைமுறையில் மூடியே இருக்கும். இந்தப் பதிப்பை வில்சன் ஆரஞ்சு விளக்கு என்று குறித்தார்.

இரண்டு நாள் பட்டறை

2012 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் பி. ஸ்லோன் அறக்கட்டளையின் நிதியும் மொசில்லாவின் ஆதரவும் கிடைத்தன. இம்முறை வடிவம் முற்றிலும் மாறியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 'தி ஹேக்கர் வித்தின்' என்ற பெயரில் முதுநிலை மாணவர்கள் ஒருவருக்கொருவர் நடத்திக்கொண்ட குறுகிய பட்டறைகள் இதற்கு முன்மாதிரியாயின. இரண்டே நாட்கள். நேரில் கூடுதல். ஒவ்வொருவர் மடியிலும் அவரவர் கணினி.

பாடப்பகுதிகள் நான்கு. யூனிக்ஸ் கட்டளை வரி, கிட் வழியாகப் பதிப்புக் கட்டுப்பாடு, பைத்தான் அல்லது ஆர் மொழியில் நிரலாக்கம், தரவுத்தளங்களுக்கான எஸ்.க்யூ.எல். ஒரு வார வகுப்பில் இருந்தவற்றில் பெரும்பகுதி வெட்டப்பட்டது. எதைக் கற்பிப்பது என்பதைவிட எதை விடுவது என்ற முடிவே கடினமாக இருந்தது.

வகுப்பு நடக்கும் முறையும் தனித்தன்மை உடையது. ஆசிரியர் படவில்லைகளைக் காட்டிப் பேசுவதில்லை. வெற்றுத் திரையில் நிரலைத் தட்டச்சு செய்வார். மாணவர்களும் கூடவே தட்டச்சு செய்வார்கள். ஆசிரியர் வேகம் தட்டச்சின் வேகத்தைத் தாண்டாது. அவரும் தவறு செய்வார். பிழைச்செய்தி வரும். அதைப் படித்து எப்படிச் சரிசெய்கிறார் என்பதை மாணவர்கள் நேரில் பார்ப்பார்கள். பிழை வருவது தம் அறியாமையால் மட்டும் அல்ல, எல்லோருக்கும் வரும் என்று புரிந்துகொள்வது புதியவர்களுக்குப் பெரிய துணிவைத் தருகிறது.

ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு நிறங்களில் ஒட்டுத்தாள்கள் தரப்படும். பயிற்சியை முடித்தவர் ஒரு நிறத்தை மடிக்கணினியின் மேல் ஒட்டுவார். உதவி தேவைப்படுபவர் மற்றொரு நிறத்தை ஒட்டுவார். கையைத் தூக்கிக் கூச்சத்தோடு காத்திருக்க வேண்டியதில்லை. உதவியாளர்கள் நிறத்தைப் பார்த்து வருவார்கள். இடைவேளையின்போது அதே தாள்களில் கற்றுக்கொண்ட ஒன்றையும் புரியாத ஒன்றையும் எழுதித் தருவார்கள். ஆசிரியர் அவற்றைப் படித்துவிட்டு அடுத்த பகுதியைத் தொடங்குவார். வில்சன் பச்சை விளக்கு என்று குறித்தது இந்தப் பதிப்பைத்தான்.

பாடமும் ஒரு திறமூலத் திட்டமே

இந்தக் கட்டத்தில்தான் பழைய சிக்கலுக்கு விடை கிடைத்தது. பாடங்கள் எளிய உரைக்கோப்புகளாக எழுதப்பட்டு, கிட்ஹப் தளத்தில் வைக்கப்பட்டன. ஒரு நகரில் பாடம் நடத்தியவர் அங்கு மாணவர்கள் தடுமாறிய இடத்தைக் குறித்துத் திருத்தம் அனுப்புவார். பராமரிப்பாளர்கள் அதைப் பார்த்து விவாதித்துச் சேர்ப்பார்கள். அடுத்த வாரம் வேறொரு நாட்டில் அதே பாடத்தை நடத்துபவருக்குத் திருத்திய வடிவம் கிடைக்கும். மாணவர்களுக்குப் பதிப்புக் கட்டுப்பாடு கற்பித்தவர்கள், தம் பாடங்களையும் அதே முறையில் பராமரித்தார்கள்.

பங்களித்தவர்களுக்குப் பெயர் கிடைப்பதும் உறுதி செய்யப்பட்டது. பாடங்களின் பதிப்புகள் நிலையான அடையாள எண்ணோடு, பங்களித்தவர்களின் பெயர்ப்பட்டியலோடு வெளியிடப்பட்டன. பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் இளம் ஆய்வாளருக்கு இது முக்கியம். அவர் செய்த பணியைத் தம் தன்விவரக் குறிப்பில் காட்டிக்கொள்ள முடிந்தது.

கற்பிக்கக் கற்றல்

நல்ல நிரலாளர் என்பதால் ஒருவர் நல்ல ஆசிரியராகிவிடுவதில்லை. திறமையே சில வேளைகளில் தடையாகும். நெடுநாள் பழகியவருக்குப் பல படிகள் ஒரே படியாகத் தோன்றும். எங்கே புதியவர் தடுக்கி விழுவார் என்பது அவருக்குத் தெரியாது. கல்வியியலில் இதை வல்லுநரின் குருட்டுப்புள்ளி என்பார்கள். "இது மிக எளிது, இதை மட்டும் செய்தால் போதும்" என்று அவர் சொல்லும்போது, அது எளிதாக இல்லாத மாணவர் தம்மைத் தாமே தாழ்வாக எண்ணிக்கொள்கிறார்.

எனவே பட்டறை நடத்த விரும்பும் தன்னார்வலர்களுக்கும் பயிற்சி தொடங்கப்பட்டது. அதில் நிரலாக்கம் கற்பிக்கப்படவில்லை. மனித நினைவாற்றலின் எல்லை, புதியவரின் மனத்தில் உருவாகும் தவறான படிமங்கள், ஊக்கம் குன்றும் காரணங்கள் ஆகியவையே பாடங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 48உடன் 27ஐக் கூட்டச் சொல்லி நான்கு விடைகளைத் தருகிறோம் என்று கொள்வோம். சரியான விடை 75. ஒரு மாணவர் 65 என்றால், ஒன்றின் இடத்தில் மீந்த 1ஐப் பத்தின் இடத்துக்குக் கொண்டுபோக மறந்துவிட்டார் என்று பொருள். 615 என்றால், ஒவ்வொரு நெடுவரிசையையும் தனிக்கணக்காக நினைக்கிறார் என்று பொருள். இரண்டு பேருக்கும் தேவைப்படும் விளக்கம் வேறுவேறு. இவ்வாறு ஒவ்வொரு தவறான விடையும் ஒரு தவறான புரிதலைக் காட்டும்படி கேள்வி அமைத்தால், வகுப்பின் நடுவிலேயே ஆசிரியர் தம் வழியை மாற்றிக்கொள்ளலாம். தேர்வு முடிந்த பின் தெரிந்து பயனில்லை.

இந்தப் பயிற்சிக் குறிப்புகளிலிருந்து வளர்ந்ததே வில்சனின் 'டீச்சிங் டெக் டுகெதர்' என்ற நூல். 2019 ஆம் ஆண்டில் அச்சிலும் வந்தது. பள்ளி ஆசிரியர் அல்லாத, வார இறுதியில் நிரலாக்கம் கற்பிக்கும் தன்னார்வலர்களுக்காக எழுதப்பட்ட நூல் இது.

'சிறந்த' என்பதிலிருந்து 'போதுமான' என்பதற்கு

2014 ஆம் ஆண்டு ஜனவரியில் வில்சனும் பிறரும் சேர்ந்து, அறிவியல் கணிமையின் மிகச்சிறந்த நடைமுறைகள் பற்றி 'பிளாஸ் பயாலஜி' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அது பரவலாகப் படிக்கப்பட்டது. ஆனால் புதியவர்களுக்கு அந்தப் பட்டியல் மலைப்பாக இருந்தது. முழுவதையும் செய்ய முடியாது என்று தெரிந்தவர் ஒன்றையும் செய்யாமல் விட்டுவிடக்கூடும். 2017 ஆம் ஆண்டில் அவரும் வேறு சிலரும் எழுதிய மற்றொரு கட்டுரையின் தலைப்பு, போதுமான அளவு நல்ல நடைமுறைகள் என்று பொருள்படும். கோப்புகளுக்குப் புரியும் பெயர் வையுங்கள், மூலத் தரவைத் தொடாமல் தனியே வையுங்கள், செய்த மாற்றங்களைக் குறித்து வையுங்கள் என்ற அளவிலேயே அதன் அறிவுரைகள் தொடங்குகின்றன. 1998 ஆம் ஆண்டில் பாடநூலோடு வகுப்புக்குள் நுழைந்த பொறியாளர், கற்பவர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கும் ஆசிரியராக மாறியதை இவ்விரு தலைப்புகளும் காட்டுகின்றன.

ஒப்படைத்தல்

இயக்கம் ஒருவரைச் சார்ந்து இருந்தால் அவர் விலகும்போது அதுவும் நின்றுவிடும்.  இம்முறை அது தவிர்க்கப்பட்டது. முதலில் சாப்ட்வேர் கார்ப்பென்ட்ரிக்குத் தனி அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அதற்கிடையே 2014 ஆம் ஆண்டில், தரவைக் கையாள்வதை மட்டும் துறைவாரியாகக் கற்பிக்கும் 'டேட்டா கார்ப்பென்ட்ரி' தோன்றியது. அதன் நிறுவனர்களில் டிரேசி டீல் முதன்மையானவர். நூலகர்களுக்கான 'லைப்ரரி கார்ப்பென்ட்ரி' லண்டனில் தொடங்கியது. 2018 ஆம் ஆண்டில் முதலிரண்டும் 'தி கார்ப்பென்ட்ரீஸ்' என்ற ஒரே அமைப்பாக இணைந்தன. மூன்றாவதும் பின்னர் சேர்ந்தது.

அப்போது வில்சன் தலைமைப் பொறுப்பில் இல்லை. அவர் முன்பே விலகி வேறு பணிகளுக்குச் சென்றிருந்தார். 2018 ஆம் ஆண்டில் ஆர் மொழிக்கான திறமூலக் கருவிகளை உருவாக்கும் ஆர்ஸ்டூடியோ நிறுவனத்தில் கல்விப் பணியில் சேர்ந்தார். மென்பொருள் பொறியியல் கல்வியில் செல்வாக்குச் செலுத்தியவருக்கான ஏ.சி.எம். அமைப்பின் விருது 2020 ஆம் ஆண்டில் அவருக்கு வழங்கப்பட்டது.

தீராத கேள்விகள்

இந்த வரலாற்றை வெற்றிக்கதையாக மட்டும் படிப்பது சரியாகாது. 2017 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. 53 நிறுவனங்களைச் சேர்ந்த 294 உயிரியல் முனைவர் பட்ட மாணவர்களை ஆராய்ந்த அது, குறுகிய காலப் பயிற்சி முகாம்களால் அவர்களது ஆய்வுத் திறனில் அளவிடத்தக்க மேம்பாடு எதுவும் தெரியவில்லை என்றது. அது கார்ப்பென்ட்ரி பட்டறைகளை மட்டும் பற்றிய ஆய்வு அன்று. ஆயினும் இரண்டு நாளில் என்ன கற்க முடியும் என்ற கேள்வியை அது கூர்மையாக்கியது. பங்கேற்றவர்கள் தங்களுக்குத் தன்னம்பிக்கை கூடியதாகச் சொல்கிறார்கள். தன்னம்பிக்கையும் திறனும் ஒன்றல்ல. பட்டறை ஒருவரை வாசலுக்குள் கொண்டுவருகிறது, அதன்பின் நாள்தோறும் பழகுவது அவர் கையில் இருக்கிறது என்பதே நியாயமான மதிப்பீடாகத் தெரிகிறது.

தன்னார்வ உழைப்பும் ஒரு கேள்வியே. பட்டறை நடத்துபவர்களில் பலர் நிரந்தரப் பணி இல்லாத இளம் ஆய்வாளர்கள். அவர்கள் தரும் நேரத்துக்குப் பல்கலைக்கழகங்கள் உரிய மதிப்பு அளிப்பதில்லை. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இதற்கு இடம் ஒதுக்கியிருந்தால் வார இறுதிப் பட்டறைகளே தேவைப்பட்டிருக்காது. அந்த இடம் பல துறைகளில் இன்னும் ஒதுக்கப்படவில்லை.

மதிப்பீடு

வில்சனின் பாதையில் புதிய கண்டுபிடிப்பு என்று சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை. புதிய நிரல்மொழியையோ இயங்குதளத்தையோ அவர் உருவாக்கவில்லை. திறமூல மென்பொருளில் ஏற்கெனவே இருந்த ஒரு பழக்கத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். வேலை முடிவதற்கு முன்பே வெளியே வைப்பது, பிழையைச் சுட்டுபவரை வரவேற்பது, பதிவேட்டில் எல்லாவற்றையும் எழுதி வைப்பது, ஒருநாள் வேறொருவரிடம் ஒப்படைப்பது ஆகியவையே அந்தப் பழக்கம். அதற்கு அவருக்குப் பதினான்கு ஆண்டுகளும் நான்கு தோல்விப் பதிப்புகளும் தேவைப்பட்டன.

நிரல் எழுதத் தெரிந்து, அதைப் பிறருக்குச் சொல்லித்தர விரும்பும் மாணவர்கள் இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முதல் வகுப்பு நன்றாக அமையாது. அமையாத இடத்தைக் குறித்து வைத்து, அடுத்தவர் திருத்தும்படி பொதுவில் வைத்தால், இரண்டாவது வகுப்பு அதைவிடச் சற்று நன்றாக அமையும்.